கம்பிய விட்டு நிக்கிறது

இல்லல்ல, ஐரின் சொன்ன அன்னைக்கே கோதண்டண்ணன் அந்தக் கம்பிய அறுத்துட்டாருன்னு உங்ககிட்ட யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. அறுக்கல. அறுக்க மாட்டேன்னு நின்னாரு. ஏன் நின்னாரு, அப்புறம் ஏன் அறுத்தாரு, அதுக்கப்புறம் அந்த டாக்டர் முன்னாடி ஏன் அப்பிடி வாயத் தொறந்தாருன்னு வரிசையா சொன்னாத்தான் புரியும். பாதியிலேர்ந்து கேட்டா அவரு மேல கோவம்தான் வரும்.

கோதண்டராமன்னு முழுப் பேரு. பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல வெல்டரு. கேட்டு, கிரில்லு, மாடிப்படி கைப்பிடி, எஸ்.எஸ்.ல, அதான் துருப்புடிக்காத ஸ்டீல்ல, என்ன வேணாலும் பண்ணுவாரு. வீடு ஈஜிபுரால, ஒரு சந்துக்குள்ள மாடில. கீழ ஓனர் ஜோசஃபின் ஆன்ட்டி. பொண்டாட்டி ஜெயலட்சுமி, சிட்டி பஸ் கண்டக்டர். அந்த சந்துல ஜெயக்கான்னு சொன்னாத்தான் யாருக்கும் தெரியும்.

ஜெயக்காவ நீங்க பஸ்ல பாத்திருக்கணும். ஓடுற வண்டியில எதையும் புடிக்க மாட்டாங்க. ஒரு கையில டிக்கெட் மெஷின், இன்னொரு கையில சில்லறை, புடிக்கிறதுக்கு மூணாவது கைக்கு எங்க போறது? இடுப்ப லேசா சீட்டு ஓரத்துல சாச்சு நின்னுக்கிட்டு, முன்னாடி போங்க முன்னாடி போங்கன்னு கன்னடத்துல, முந்தே ஹோக்ரி முந்தே ஹோக்ரின்னு கூட்டத்த தள்ளிக்கிட்டே போவாங்க. பொம்பளைங்களுக்கு ஃப்ரீ ஆனதுலேர்ந்து கூட்டம் பிதுங்குது, ஃப்ரீன்னாலும் ஒவ்வொருத்தருக்கும் ஆதார் கார்டப் பாத்து டிக்கெட் அடிச்சுக் குடுத்தாகணும். டிரைவர் பிரேக்க மிதிச்சா மொத்த பஸ்ஸும் சாயும், அக்கா மட்டும் அப்பிடியே நிப்பாங்க. காலுக்கு அடியில வேர் இருக்குன்னு கிண்டல் பண்ணுவாங்க.

அந்த அக்காதான் ஒரு நாள் பஸ்லேர்ந்து எறங்கறப்போ தடுமாறி ஒரு ஸ்கூட்டர்காரன் மேல போய் விழுந்தாங்க. அதுக்கு முன்னாடியே எடது காதுல கொய்யுன்னு ஒரு சத்தம் இருந்திருக்கு. எடது பக்கம் நின்னு டிக்கெட் கேக்கறவங்க பேசுறது விழல, இந்தம்மாக்கு என்ன திமிருன்னு ஒருத்தர் புகாரே குடுத்துட்டாரு. அலுப்புன்னு நெனச்சு ஓட்டிட்டாங்க. ஸ்கேன் எடுத்தா, காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்புல கட்டி. கேன்சர் இல்ல, ஆனா வளருது, விட்டா மூளைய அமுக்கும்னு சொல்லிட்டாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கட்டி போச்சு. கூடவே எடது காது கேக்கறது போச்சு, அந்தப் பக்கத்து பேலன்ஸ் நரம்பும் போச்சு. சர்ஜன் அண்ணனுக்கு இப்பிடித்தான் சொன்னாரு. ரெண்டு பக்கமும் ரெண்டு காவக்காரங்க நின்னு, தல எந்தப் பக்கம் திரும்புதுன்னு மூளைக்கு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இப்ப ஒருத்தன் இல்ல. மிச்சம் இருக்குற ஒருத்தன் சொல்றதையும் கண்ணையும் காலையும் வெச்சு மூளை புதுசா கணக்குப் போடப் பழகணும். பழகிடும், ஆனா தானா பழகாது, பழக்கணும்னாரு.

அண்ணனுக்கு அது காதுலயே ஏறல. அவரு கண்ணு முழுக்க ஐசியூல அக்காவோட கை மேலதான் இருந்துச்சு. அக்கா கண்ணத் தொறந்தா கண்ணு ரெண்டும் ஒரு பக்கமா துடிக்குது, கூரை சுத்துதுங்கறாங்க, வாந்தி. அசையாம படுத்திருக்குற பொம்பளை, கீழ விழப் போற மாதிரி கட்டிலோட பக்கக் கம்பிய அப்பிடிப் புடிச்சிருக்காங்க. வெரல் மொளியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ஓடுற பஸ்ல எதையும் புடிக்காத கை அது. அண்ணன் வெளிய வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுதாராம். அழுது முடிச்சிட்டு நேரா பீன்யாவுக்கு பஸ் ஏறிட்டாரு.

அக்கா வீட்டுக்கு வர்றதுக்குள்ள வேலை முடிஞ்சிருந்துச்சு. கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும், பாத்ரூம்லேர்ந்து சமையக்கட்டு வரைக்கும், ஹால சுத்தி, வாசல் வரைக்கும், அங்கேர்ந்து மாடிப்படில கடைசிப் படி வரைக்கும், ஒரே எஸ்.எஸ். கம்பி. எங்கயும் அறுபடாது. ஒரு எடத்துல கைய வெச்சா வீடு முழுக்க கைய எடுக்காமலே போயிட்டு வரலாம். அக்கா கை எந்த ஒசரத்துல தொங்கும்னு அளவெடுக்கல, அவருக்கே தெரியும். ஜாயின்ட்டெல்லாம் ஆர்கான் வெல்டிங், மேல பஃபிங் போட்டு கண்ணாடியாட்டம் பண்ணிட்டாரு, வெரல்ல ஒரு பிசிறு குத்தக் கூடாதுன்னு. செவுத்த ஓட்டை போட்டதுக்கு ஜோசஃபின் ஆன்ட்டி சண்டைக்குத்தான் மேல வந்தாங்க. வந்தவங்க கம்பி மேல கைய ஓட்டிப் பாத்துட்டு, என் முட்டி வலிக்கும் கீழ் வீட்ல ஒண்ணு போட்டுக் குடுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சந்தே வந்து பாத்துச்சு. புருசன்னா இப்பிடி இருக்கணும்னு நாலு வீட்ல நாலு புருசனுங்களுக்கு அன்னைக்குத் திட்டு.

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். திரும்ப பஸ்ல ஏறணும். சீட்ல உக்காந்து போறதுக்கு இல்ல, கண்டக்டரா. டிப்போல சொல்லிட்டாங்க, டிபார்ட்மென்ட் டாக்டர் பாத்து சரின்னாத்தான் பஸ்ஸு, இல்லன்னா டிப்போ ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்து டிக்கெட் மெஷின் குடுத்து வாங்குற வேலை. சம்பளம் அதேதான். அண்ணனுக்கு அதக் கேட்டு ஏக சந்தோசம், உக்காந்த எடத்துல வேலை, ஆண்டவனே குடுத்தான்னாரு.  ராத்திரி சோறு போடறப்போ அக்கா, நான் அந்த ஜன்னலுக்குள்ள போனா அப்புறம் யாரும் என்ன வெளிய எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. அத அவங்க சொன்ன விதத்துல அண்ணன் ரெண்டாவது தடவ சோறு கேக்கல.

ஐரின் யாருன்னு சொல்லலையே. ஆஸ்பத்திரில பிசியோ. சின்ன வயசு, ஃப்ரேசர் டவுன் பொண்ணு, தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணையும் ஒரே மூச்சுல பேசும். அக்காவுக்கு பயிற்சியெல்லாம் அதுதான் சொல்லிக் குடுத்துச்சு. கைய நீட்டி ஒரு எழுத்து எழுதுன அட்டையப் புடிச்சுக்கிட்டு, கண்ண அதுலேர்ந்து எடுக்காம தலைய மட்டும் இப்பிடியும் அப்பிடியும் ஆட்டணும். மெத்து மெத்துன்னு ஒரு குஷன் மேல கண்ண மூடிக்கிட்டு நிக்கணும். தலையத் திருப்பிக்கிட்டே நடக்கணும். பண்ணா தல சுத்தும், கொமட்டும். சுத்தட்டும்க்கா, சுத்துனாத்தான் மூளை கத்துக்கும்னு ஐரின் சொல்லும். தல சுத்தாம இருக்கத்தானே ஆஸ்பத்திரிக்கு வந்தோம், இந்தப் பொண்ணு சுத்த விட்டுக்கிட்டு இருக்கேன்னு அண்ணனுக்கு ஆரம்பத்துலேர்ந்தே ஐரின் மேல ஒரு சந்தேகம்.

வீட்ல அக்கா பிரமாதமா நடந்தாங்க. கட்டில்லேர்ந்து எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போறாங்க, டீ போடுறாங்க, மாடிப்படி எறங்கி தள்ளுவண்டில தக்காளி வாங்குறாங்க. ஆனா ஆஸ்பத்திரில அந்த நீள வராண்டால நடக்க விட்டா குடிகாரன் மாதிரி எடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி செவுத்துல முட்டுறாங்க. ஒவ்வொரு தடவையும் இதேதான். ஐரினுக்கு மண்டை காயுது. வீட்ல நல்லா நடக்கறாங்கன்னு அண்ணன் சத்தியம் பண்றாரு, நம்பலன்னா இந்தா பாருன்னு ஃபோன்ல எடுத்த வீடியோவக் காட்டுனாரு.

ஐரின் அத ரெண்டு தடவ பாத்துச்சு. மூணாவது தடவ பாக்கறப்போ ஒரு எடத்துல நிறுத்தி ஃபோன அக்கா பக்கம் திருப்புச்சு. அக்கா கம்பியப் புடிக்கவே இல்ல. ஒரே ஒரு வெரல், சுண்டு வெரல், கம்பி மேல பூ வெச்ச மாதிரி ஓடுது.

"அக்கா, நீங்க கால்ல நிக்கல. இந்த வெரல்ல நிக்கறீங்க."

அப்புறம் பொறுமையா சொல்லுச்சு. வெரல் நுனியில ஒரு தொடுதல் இருந்தாப் போதும், ஒடம்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு அது சொல்லிடும். மூளைக்கு சுலபமான வழி கெடச்சா கஷ்டமான வழிய எதுக்குக் கத்துக்கப் போவுது? வீடு முழுக்க கம்பி இருக்கு, அதனால காதுப் பக்கத்துக் கணக்க அது ஆரம்பிக்கவே இல்ல. பஸ்ல ஒரு கையில மெஷினு, ஒரு கையில சில்லறை, அப்ப இந்த வெரல் எங்க போகும்னு கேட்டுச்சு. வெல்டிங் ரொம்ப அழகா இருக்குண்ணா, ஆனா எடுத்துடுங்க, வழுக்குற எடம்கறதால பாத்ரூம்ல மட்டும் இருக்கட்டும்னுச்சு.

அக்கா சரின்னாங்க. அண்ணன் ஆட்டோல வர்ற வழி பூரா வெளிய பாத்துக்கிட்டே வந்தாரு.

அவரோட ஞாயம் என்னன்னா, பீன்யால அவரு கண்ணு முன்னாடி ஒரு பிரஸ் மெஷின்ல ஒருத்தனோட வெரலு போயிருக்கு. கை உள்ள போகாம தடுக்குற கார்டு வேலைக்கு எடஞ்சலா இருக்குன்னு யாரோ கழட்டி வெச்சிருந்தாங்க. அன்னைலேர்ந்து யாராவது கார்டக் கழட்டுன்னு சொன்னா அண்ணன் வேலைய அப்பிடியே போட்டுட்டுப் போயிடுவாரு, மொதலாளியே சொன்னாலும் சரி. இப்ப படிச்ச பொண்ணு ஒண்ணு வந்து அவரு பொண்டாட்டியச் சுத்தி இருக்குற கார்டக் கழட்டச் சொல்லுது. எப்பிடிக் கழட்டுவாரு?

நேரா மாட்டேன்னு சொல்லாம, கிரைண்டர் யூனிட்ல இருக்குன்னாரு. கட்டிங் வீல் தேஞ்சு போச்சுன்னாரு. ஆன்ட்டிய கேக்கணும்னாரு. அக்கா ரெண்டு வாரம் பாத்துட்டு அப்புறம் கேக்கறதயே விட்டுட்டாங்க.

கேக்கறத விட்டுட்டு என்ன பண்ணாங்க தெரியுமா, அண்ணன் வேலைக்குப் போனதும் யூனிஃபார்ம எடுத்துப் போட்டுக்கிட்டு, தோல் பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, டிக்கெட் மெஷினுக்கு பதிலா டிவி ரிமோட்ட ஒரு கையில வெச்சுக்கிட்டு, இன்னொரு கையில சில்லறைய வெச்சுக்கிட்டு, ஹால்ல நடப்பாங்க. ஃப்ரிட்ஜுக்கு ஒரு டிக்கெட். பீரோக்கு ஒரு டிக்கெட், சிவாஜிநகரா, முந்தே ஹோக்ரி. கையில வேலை இருந்தா கை கம்பிக்குப் போகாதுன்னு அவங்க கணக்கு. அண்ணன் ஒரு நாள் டிபன் பாக்ஸ மறந்துட்டு பாதி வழியில திரும்பி வந்து வாசல்ல நின்னு இதப் பாத்துட்டாரு. சிரிப்பு வந்துச்சு. அப்புறம் பாத்தா கைதான் கம்பிக்குப் போகல, முழங்கை போகுது. அக்காவுக்கே தெரியாம முழங்கை போயி கம்பிய ஒரசிக்கிட்டே வருது. ஒடம்பு அந்த அளவுக்குக் கம்பியத் தேடுது. அதுக்கப்புறம் சிரிப்பு வரல. டிபன் பாக்ஸ எடுக்காமலே எறங்கிப் போயிட்டாரு.

அந்த வாரமே அக்கா விழுந்தாங்க. முழங்கை கம்பியத் தொடக் கூடாதுன்னு ஹாலுக்கு நடுவுல நடந்திருக்காங்க, கம்பி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே. திரும்புற எடத்துல நெல தவறி, சமையக்கட்டு மூலையில அண்ணன் கம்பிய வளைச்சு விட்டிருந்தாரே அந்த வளைவுலயே தாடை அடிச்சுது. ரத்தம். ஜோசஃபின் ஆன்ட்டிதான் ஆட்டோல தூக்கிப் போட்டுக்கிட்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. தலைக்கு ஒண்ணும் இல்ல, தாடைல தையல் போட்டாங்க.

பீன்யாலேர்ந்து அலறி அடிச்சுக்கிட்டு வந்த அண்ணன், பாத்தியா, புடிக்காம நடந்தா இதான்னு ஆரம்பிச்சாரு. அக்கா தையல் போட்ட தாடையோட மெதுவாத்தான் பேசுனாங்க.

"புடிக்காததால விழலய்யா. அது அங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே போனதால விழுந்தேன்."

ஐரின் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு. இத்தன நாள்ல அண்ணன்கிட்ட அது கோவமா ஒரு வார்த்தை பேசுனதில்ல, அன்னைக்கும் பேசல. அண்ணா, செருப்பக் கழட்டிட்டு இந்த குஷன் மேல ஏறுங்கன்னுச்சு. எனக்கு எதுக்கும்மான்னாரு. ஏறுங்கன்னுச்சு. ஏறுனாரு. கண்ண மூடுங்க, ஒரு கால முன்னாடி, இன்னொரு கால அதுக்கு நேர் பின்னாடி வைங்க. நல்ல காது ரெண்டு இருக்குற மனுசன், புயல்ல தென்ன மரம் மாதிரி ஆடுனாரு. இப்ப ஒரு வெரல மட்டும் செவுத்துல வைங்கன்னுச்சு. வெச்சாரு. நின்னுருச்சு. சுத்தமா நின்னுருச்சு. வெரல எடுங்க. எடுத்தாரு, மறுபடி ஆட்டம்.

கண்ணத் தொறந்து அந்த வெரலப் பாத்துக்கிட்டே இருந்தாராம். அப்புறம் அவரா சொன்னாரு, ஃபிக்ஸ்சர்ல இறுக்கி வெச்சு வெல்டு பண்றப்போ எல்லாக் கேட்டும் நேராத்தான் நிக்கும், ஃபிக்ஸ்சரக் கழட்டுனாத்தான் வெல்டு புடிச்சிருக்கான்னு தெரியும். ஐரினுக்கு ஃபிக்ஸ்சர்னா என்னன்னு தெரியல. ஆனா தலையாட்டுச்சு.

ஞாயித்துக்கெழம காலைல கிரைண்டர் வந்துச்சு. அக்காவ கீழ ஆன்ட்டி வீட்ல உக்கார வெச்சுட்டு, அண்ணன் கதவச் சாத்திக்கிட்டு அறுத்தாரு. பொறி பறக்குற சத்தம் சந்து முழுக்க. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் அவரே போட்டது, எங்க வெச்சா எவ்வளவு நேரத்துல அறும்னு அவருக்குத் தெரியும், ஆனா அன்னைக்கு சாயங்காலம் ஆயிடுச்சு. ஆன்ட்டி மட்டும் கீழேர்ந்து, என் செவுத்துல இருக்குற ஓட்டைய யாரு அடைப்பான்னு கத்திக்கிட்டே இருந்தாங்க. கடைசில அக்காவ மேல கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல விட்டாரு. வெறும் ஹாலு. அக்கா வாசப்படியிலயே நின்னாங்க. அண்ணன் உள்ள போயி எதிர்ச் செவுத்து ஓரமா நின்னுக்கிட்டாரு, கைய நீட்டல. அக்கா நடந்து வந்தாங்க. ரொம்ப மோசமாத்தான் நடந்தாங்க, ரெண்டு தடவ குறுக்க போனாங்க. ஆனா வந்துட்டாங்க.

அதுக்கப்புறம் மாசக்கணக்கு. நல்ல நாளும் இருந்துச்சு, எந்திரிக்கவே முடியாத நாளும் இருந்துச்சு. வெளிச்சத்துல சீக்கிரமே தேறுனாங்க, கரன்ட் போனா மட்டும் அப்பிடியே உக்காந்துடுவாங்க. இருட்டுல மூளைக்குக் கண்ணும் கெடையாது, மிச்சம் இருக்குற ஒரு காவக்காரன மட்டும் நம்பணும், அதுக்கு நாளாகும்னு ஐரின் சொல்லியிருந்துச்சு. வராண்டால நேரா நடந்த அன்னைக்கு ஐரின் அக்காவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, இனிமே பஸ்ஸுதான்க்கா பயிற்சின்னு சொல்லிடுச்சு.

அதனால ஞாயித்துக்கெழமைங்கள்ல அக்காவும் அண்ணனும் சிவாஜிநகர் பஸ்ஸு ஏறுவாங்க. கூட்டம் இருக்காது. அக்காவோட கூட்டாளி முத்தம்மா அந்த வண்டில கண்டக்டர். முத்தம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது, என் வண்டில எனக்கே போட்டியான்னு கேக்கும். அக்கா பின்னாடிலேர்ந்து முன்னாடி வரைக்கும் எதையும் புடிக்காம நடப்பாங்க, திரும்புவாங்க, நடப்பாங்க. அண்ணன் பின்னாடியே ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, கோழி புடிக்கப் போறவன் மாதிரி. மொத நாளே அக்கா திரும்பிப் பாத்து சொல்லிட்டாங்க.

"கைய பாக்கெட்ல போடுய்யா. நீ புடிப்பன்னு தெரிஞ்சா என் காலு வேலை செய்யாது."

போட்டுக்கிட்டாரு. பாக்கெட்டுக்குள்ள கை வேர்த்துக் கெடக்கும்.

நல்லாத்தான் போச்சு. டிபார்ட்மென்ட் டாக்டரப் பாக்கப் போறதுக்கு முந்தின வாரம் மட்டும் சிவாஜிநகர்ல ஏதோ துணி வாங்கிட்டுக் கெளம்ப லேட்டாயிடுச்சு. ஈஜிபுரா வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. அந்தக் கட்டி முடிக்காத மேம்பாலத்துக்குக் கீழ தெரு லைட்டே இல்ல, பஸ்ஸு உள்ளயும் லைட்டு ஒண்ணு விட்டு ஒண்ணுதான் எரியுது. அக்கா நடுவுல நிக்கறாங்க. எடது பக்கமா ஒருத்தன் பைக்கக் கொண்டாந்து குறுக்க விட்டான், டிரைவர் பிரேக் அடிச்சாரு. அக்கா முட்டி போட்டு விழுந்தாங்க. பொத்துன்னு இல்ல, மெதுவா, செவுரு சாயற மாதிரி.

அண்ணன் கை பாக்கெட்லயே இருந்துச்சு. எடுக்கல. அது அவருக்கே ஆச்சரியம். ஒரு பொம்பளை எந்திரிச்சு சீட்டு குடுத்தாங்க, அக்கா வேண்டாம்னாங்க. சீட்டோட பின்பக்கத்தப் புடிச்சு எந்திரிச்சு, பொடவைய உதறிட்டு, விட்ட எடத்துலேர்ந்து டிரைவர் வரைக்கும் நடந்து போயிட்டு வந்தாங்க. எறங்குனதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசவே இல்ல.

டிபார்ட்மென்ட் டாக்டரு வயசானவரு, கன்னடக்காரரு, நிதானமா பாத்தாரு. கோட்டுல நடக்கச் சொன்னாரு, நடந்தாங்க. கண்ண மூடி நிக்கச் சொன்னாரு, நின்னாங்க. தலையத் திருப்பி, குனிஞ்சு, நிமிந்து, சட்டுன்னு நின்னு, எல்லாம் பண்ணாங்க. அண்ணனுக்கே நெஞ்சு நெறஞ்சு போச்சு. டாக்டரு பேனாவ எடுத்துட்டு, வழக்கமா கேக்கற மாதிரிதான் கேட்டாரு, சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களாம்மான்னு.

இல்ல சார்னாங்க அக்கா. ஒடனே சொன்னாங்க.

டாக்டரு அண்ணன் பக்கம் திரும்புனாரு. வீட்ல கூட இருக்கறவரு நீங்கதானே, நீங்க சொல்லுங்கன்னாரு.

இங்கதான் நான் உங்கள நிறுத்தணும். அந்த நேரத்துல அவரு மனசுல என்ன ஓடுச்சுன்னு பாருங்க. ஆமா சார், விழலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அக்கா இத்தன மாசமா எதுக்காக தல சுத்திக் கொமட்டிக் கெடந்தாங்களோ அது முழுசா கையில வந்துரும். இன்னொரு பக்கம், சாயங்கால ஷிஃப்ட்டு, இருட்டு, பிதுங்குற கூட்டம், அக்கா எடது பக்கம் தொறந்து கெடக்குற கதவு. அதுக்கும் மேல ஒண்ணு. நான் இப்ப உண்மையச் சொல்லணும்னு நெனக்கிறனா, இல்ல அவள அந்த டிப்போ ஜன்னலுக்குள்ள உக்கார வைக்கணும்னு உள்ளுக்குள்ள கெடக்குற பழைய ஆசை பேசுதான்னு அவருக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியல. அக்கா அவரப் பாக்கறாங்க. கெஞ்சல்லாம் இல்ல, சும்மா பாக்கறாங்க.

"போன வாரம் பஸ்ல விழுந்தா சார். இருட்டுல. நான் புடிக்கல. அவளே எந்திரிச்சு முன்னாடி வரைக்கும் நடந்து போனா."

டாக்டரு பேனாவ கீழ வெச்சுட்டாரு. எங்க, எந்த நேரம், லைட்டு இருந்துச்சா, எப்பிடி எந்திரிச்சாங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாரு.  கடைசில பஸ்ஸு குடுத்தாரு. ஆனா பகல் ஷிஃப்ட் மட்டும், இருட்டுனதுக்கு அப்புறம் கூடாது, ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம். இவரு சொல்லலன்னா நான் முழுசாவே குடுத்திருப்பேம்மான்னு அவரே சொல்லிட்டாரு. நல்ல மனசுலதான் சொன்னாரு.

வெளிய வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அக்கா முன்னாடி நடந்தாங்க, நேரா நடந்தாங்க. ஸ்டாப்புல வந்து நின்னதும், அண்ணன் அவங்களோட வலது பக்கமா, கேக்கற காதுப் பக்கமா வந்து நின்னாரு. அக்கா திட்டல.

"நான் விழுந்தது எனக்குத் தெரியாதா? அத சொல்றதா வேண்டாமான்னு நான்ல முடிவு பண்ணணும்."

அவ்வளவுதான்.  

இப்ப ஜெயக்கா பஸ்லதான் இருக்காங்க. ரைட் ரைட்னு குரலு அதே குரலு. ஆனா பகல் ஷிஃப்ட்டுன்னா எல்லாருக்கும் வேணும், இவங்களுக்கு மட்டும் நெலையா குடுத்துட்டாங்கன்னு டிப்போல ஒரே மொணமொணப்பு, வெளிச்சக் கண்டக்டர்னு பேரு வெச்சிருக்காங்க. சாயங்காலம் வண்டிய அடுத்த ஆளு கையில குடுத்துட்டு எறங்கறப்போ அக்கா மொகம் எப்பிடி இருக்கும்னு முத்தம்மா வந்து அண்ணன்கிட்ட சொல்லுச்சு. வீட்ல சண்டை இல்ல. சோறு இருக்கு, டீ இருக்கு, கரன்ட் பில்லு கட்டியாச்சாங்கற பேச்சு இருக்கு. அந்த டாக்டர் ரூமப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கறதில்ல. நான் பயத்துல சொன்னனா, ஞாயமா சொன்னனான்னு ஐரின்கிட்ட அண்ணன் ஒரு தடவ கேட்டிருக்காரு. அந்தப் பொண்ணு, எனக்கு மூளை கத்துக்குறதுதாண்ணா தெரியும், இது தெரியலன்னு சொல்லிடுச்சாம்.

எனக்கு ஒரு நாள் அவரு பண்ணது சரின்னு படுது, மறுநாளே அக்கா பக்கம்தான் ஞாயம்னு படுது, இத யோசிச்சே தூக்கம் கெட்டுப் போச்சு. நீங்க சொல்லுங்களேன், அந்த ரூம்ல அந்த டாக்டரு உங்கள பாத்துக் கேட்டிருந்தா, ஜெயக்கா உங்களப் பாத்துக்கிட்டு நின்னிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?